காமடோர் 64: இவ்வளவு விற்றும் கம்பெனி ஏன் மூழ்கியது?

ரேழி: 1982-ல் 595 டாலருக்கு வந்த காமடோர் 64 (சி64) வீட்டுக் கம்ப்யூட்டர் சக்கைப்போடு போட்டதே, பிறகேன் 1994 ஏப்ரலில் காமடோர் கம்பெனி திவால்? பழைய மெஷின் ஒன்று கிடைத்திருக்கிறது, நேரே பிளக்கில் மாட்டலாமா?

மின்னல்: 1976-ல் மாஸ் டெக்னாலஜி என்ற சிப் கம்பெனியை வாங்கியதால் சிப் சொந்தச் சரக்கு, விலையை அடித்து இறக்கினார்கள். 1984 ஜனவரியில் காமடோரைத் தொடங்கிய ஜாக் டிராமியல் வெளியேறினார். அதே ஆண்டு போட்டிக் கம்பெனியான அட்டாரியின் வீட்டுக் கம்ப்யூட்டர், வீடியோ கேம் பிரிவை வாங்கி எதிரிலேயே கடை விரித்தார். அமிகா என்ற அடுத்த கம்ப்யூட்டர் கையில் இருந்தும் காமடோர்காரர்களுக்கு விற்கத் தெரியவில்லை.

கரண்ட்: மாட்டாதீங்க! அடாப்டருக்குள் வோல்டேஜைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் போனால் 5 வோல்ட் எகிறி ரேம் சிப்பைத் தின்றுவிடும். மெஷினோடு இணைக்காமல், அடாப்டர் பிளக்கின் 5-ம் பின்னுக்கும் (+5 வோல்ட்) 2-ம் பின்னுக்கும் (கிரவுண்ட்) நடுவே மல்டிமீட்டர் வைங்க. 5.2 வோல்ட்டைத் தாண்டினால் அடாப்டரைத் தூக்கிப் போடுங்க. உள்ளே எபாக்சி பிசின் ஊற்றி அடைத்தது, ரிப்பேர் லேசில்லை.

மின்னல்: சூடேறிய பிறகும் எகிறலாம். புது அடாப்டரே மேல்.