ஃப்ரீசரில் சோளம் மட்டும்தான் இருக்கிறது

குழு: நம்ம வீட்டு ஆட்கள்

[மாலை 6:48] திவ்யா: யாராவது இருக்கிறீர்களா? எட்டு மணிக்கு மூன்று பேர் சாப்பிட வருகிறார்கள். மற்றதெல்லாம் ஆகிவிட்டது, தொட்டுக்கொள்ள ஒன்றுதான் குறைகிறது.

[மாலை 6:49] திவ்யா: ஃப்ரீசரில் அரைக் கிலோ ஸ்வீட் கார்ன் இருக்கிறது. வெண்ணெய், பால் உண்டு. சித்தி, கெட்டியாகப் பாலும் வெண்ணெயுமாக ஒரு சோளம் செய்வீர்களே, அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

[மாலை 6:49] கௌதம்: க்ரீம் இருக்கிறதா அக்கா?

[மாலை 6:50] திவ்யா: இல்லை.

[மாலை 6:50] கௌதம்: க்ரீம் இல்லாத க்ரீமி கார்ன். அருமை.

[மாலை 6:51] சித்தி: பேசாமல் இருடா. திவ்யா, கால் மணி நேரம் போதும். க்ரீமும் வேண்டாம். அளவு எழுதிக்கொள். சோளமணி 3 கப், உன் பாக்கெட்டில் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும். வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, மைதா 2 மேசைக்கரண்டி, பால் ஒன்றேகால் கப். உப்பும் மிளகும் கடைசியில்.

[மாலை 6:53] சித்தி: அடிகனமான வாணலியில் வெண்ணெய் உருகியதும் மைதாவைப் போட்டுச் சிறு தீயில் ஒன்றிரண்டு நிமிடம் வறு. நிறம் மாறக் கூடாது. பச்சை மாவு வாசனை போய் பிஸ்கட் வாசனை வரும், அப்போது பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடு. முதல் கால் கப் விட்டதும் களிமண் மாதிரி திரண்டு பயமுறுத்தும். கண்டுகொள்ளாதே. கிண்டிக்கொண்டே அடுத்த கால் கப் விட்டால் தானாக இளகிவிடும்.

[மாலை 6:54] மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[மாலை 6:54] கௌதம்: மாமா, அந்தத் தொப்பை குறைக்கும் வீடியோவை நேற்றே அனுப்பிவிட்டீர்கள்.

[மாலை 6:57] திவ்யா: சித்தி, மைதா டப்பா காலி. சுத்தமாகத் துடைத்து வைத்தது மாதிரி இருக்கிறது.

[மாலை 6:58] திவ்யா: [புகைப்படம்]

[மாலை 6:58] திவ்யா: இது மட்டும் இருக்கிறது, சோள மாவு. சோளத்துக்குச் சோள மாவு பொருத்தம்தானே? போடவா?

[மாலை 6:58] பெரியம்மா: நிறுத்து

[மாலை 6:58] பெரியம்மா: போடாதே

[மாலை 6:59] பெரியம்மா: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது வெள்ளைச் சோளத்தை அரைத்த மாவு. நீ வாணலியில் போடப்போவது மக்காச்சோளம். இரண்டையும் சோளம் என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு இந்த வம்பு.

[மாலை 7:00] சித்தி: பெரியக்கா சொல்வது சரி. மூன்று மாவு இருக்கிறது திவ்யா. வெள்ளைச் சோளத்து மாவு ஒன்று. மக்காச்சோளத்தை அப்படியே அரைத்த மஞ்சள் மாவு இன்னொன்று, அது ரவை மாதிரி நெருடும். மக்காச்சோளத்திலிருந்து ஸ்டார்ச்சை மட்டும் பிரித்தெடுத்தால் கார்ன் ஃப்ளோர். பாலைக் கெட்டியாக்க அதுதான் வேண்டும். பளீரென்று வெள்ளையாக, விரலில் தேய்த்தால் முகப் பவுடர் மாதிரி வழுக்கும். அழுத்தினால் கிறீச்சென்று ஒரு சத்தம் கேட்கும்.

[மாலை 7:01] மாமா: நான் ஒரு தடவை இந்த மாவைப் போட்டுத்தான் பாலைக் கெட்டியாக்கினேன். சாம்பல் நிறத்தில் வந்தது. சுவரொட்டி ஒட்டியிருக்கலாம்.

[மாலை 7:01] பெரியம்மா: ஒட்டியிருக்காது தம்பி. மண் மாதிரி நறநறவென்று இருந்தது. நானும் சாப்பிட்டேன், மறந்துவிட்டாயா?

[மாலை 7:03] திவ்யா: அலமாரியின் பின்னால் ஒரு கார்ன் ஃப்ளோர் பாக்கெட் கிடைத்தது! கிறீச்சென்று சத்தம் வருகிறது! ஆனால் தட்டிக் கொட்டினால் ஒரு தேக்கரண்டிதான் தேறும்.

[மாலை 7:04] சித்தி: கார்ன் ஃப்ளோருக்கு மைதாவைப் போல இரண்டு மடங்கு பிடிப்பு உண்டு. அதனால் 1 மேசைக்கரண்டியே போதும். ஆனால் ஒரு தேக்கரண்டி என்பது அதில் மூன்றில் ஒரு பங்குதான். பற்றாதே.

[மாலை 7:05] பெரியம்மா: [குரல் பதிவு 1:47]

[மாலை 7:05] திவ்யா: பெரியம்மா, கையெல்லாம் வெண்ணெய். யாராவது கேட்டு எழுதிப் போடுங்கள், ப்ளீஸ்.

[மாலை 7:08] கௌதம்: பெரியம்மா சொன்னது: ஒரு மாவும் வேண்டாம். சோளத்துக்குள்ளேயே மாவுச்சத்து இருக்கிறது, அதை வெளியே கொண்டுவந்தால் போதும். மூன்று கப்பில் பாதியை எடுத்து, அந்தப் பாலையே விட்டு மிக்ஸியில் அரை. மீதியை மணியாக வைத்துக்கொள். மணியை வெண்ணெயில் வதக்கி, அரைத்ததை ஊற்றிக் கொதிக்க விட்டால் தானாகக் கெட்டிப்படும். "மைதா போடுவது சோம்பேறிகள் வேலை." அதன் பிறகு ஒரு நிமிடம் பக்கத்து வீட்டுக் குழாயைப் பற்றிப் பேசுகிறார், அதை எழுதவில்லை.

[மாலை 7:08] சித்தி: சோம்பேறி என்றால் நான்தானே?

[மாலை 7:09] பெரியம்மா: பேர் சொன்னேனா

[மாலை 7:09] சித்தி: அரைத்துப் போட்டால் தோல் நாக்கில் படும் அக்கா. மைதாவில் இருக்கிற வழுவழுப்பு வராது.

[மாலை 7:10] பெரியம்மா: தோல் பட்டால்தான் சோளம் சாப்பிட்ட மாதிரி இருக்கும். உன்னுடையதில் வெள்ளைப் பசைக்குள் சோளம் நீந்தும். பால் ருசிதான் தெரியும், சோள ருசி எங்கே?

[மாலை 7:10] மாமா: நான் இரண்டையும் சாப்பிட்டிருக்கிறேன். கருத்து சொல்ல மாட்டேன்.

[மாலை 7:11] திவ்யா: எனக்கு மைதாவே இல்லை, அதனால் பெரியம்மா கட்சி. ஆனால் மணிகள் கல் மாதிரி இருக்கின்றன. ஐஸ் உருகும்வரை வெளியே வைக்க வேண்டுமா?

[மாலை 7:12] சித்தி: அரைக்கிற பாதியை மட்டும் வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டு நன்றாக வடித்துக்கொள், இல்லையென்றால் மிக்ஸி பிளேடு திணறும். மீதியை நேராக வெண்ணெயில் போடு. தண்ணீர் விடும். அது முழுக்க வற்றும்வரை நடுத்தரத் தீயில் வதக்கு, நாலைந்து நிமிடம் ஆகும். முதலில் சலசலவென்று கேட்கும், தண்ணீர் போனதும் சத்தம் மாறிப் படபடவென்று பொரியும். அதற்கு முன்னால் பாலை ஊற்றினால் கடைசிவரை நீர்த்துதான் இருக்கும்.

[மாலை 7:13] கௌதம்: ஃப்ரீசர் சோளத்தில் ருசி இருக்குமா? கதிர் வாங்கி உதிர்ப்பதுதானே நல்லது?

[மாலை 7:15] பெரியம்மா: அன்றைக்குப் பறித்த கதிர் கிடைத்தால் அதற்கு ஈடே கிடையாது. ஆனால் பறித்த நிமிடத்திலிருந்து உள்ளே இருக்கிற சர்க்கரை மாவுச்சத்தாக மாற ஆரம்பிக்கும். சூட்டில் கிடந்தால் இன்னும் வேகம். ஃப்ரீசர் மணியைப் பறித்த கையோடு லேசாக வேகவைத்து உறைய வைத்துவிடுகிறார்கள். நாலு நாள் வெளியில் கிடந்த கதிரைவிட அது எவ்வளவோ இனிப்பு.

[மாலை 7:16] பெரியம்மா: கதிர் கிடைத்தால் மணியை மட்டும் சீவிவிட்டுத் தக்கையைத் தூக்கிப் போடாதே. கத்தியின் முதுகால் தக்கையை மேலிருந்து கீழாக அழுத்தி வழித்துப் பார். ஒட்டியிருக்கிற சோளப்பால் திப்பித்திப்பியாக வரும். அதுதான் நிஜமான க்ரீம்.

[மாலை 7:21] திவ்யா: மணி பொரிகிற சத்தம் வந்துவிட்டது. அரைத்ததை ஊற்றிவிட்டேன். நல்ல மஞ்சள்!

[மாலை 7:23] திவ்யா: ஐயோ, கையில் தெறிக்கிறது.

[மாலை 7:23] சித்தி: தீயைக் குறை. தட்டை அரைகுறையாக மூடி, நீளமான மரக்கரண்டியால் கிண்டு. விழுது கெட்டியானால் ஆவி வெளியே வர வழியில்லாமல் குபுக்கென்று வெடிக்கும்.

[மாலை 7:25] திவ்யா: இன்னும் தண்ணீராகத்தான் இருக்கிறது. பெரியம்மா???

[மாலை 7:25] பெரியம்மா: கொதி வந்ததா?

[மாலை 7:26] திவ்யா: ஓரத்தில் குமிழி வருகிறது.

[மாலை 7:26] பெரியம்மா: ஓரம் கணக்கில்லை. நடுவில் வர வேண்டும். மாவுச்சத்து சூட்டில் வீங்கினால்தான் இறுகும், அதுவரை எவ்வளவு கிண்டினாலும் பால் பாலாகத்தான் இருக்கும். பொறு.

[மாலை 7:27] சித்தி: அந்த ஒரு தேக்கரண்டி கார்ன் ஃப்ளோரையும் இரண்டு கரண்டி ஆறின பாலில் கரைத்து ஊற்றிவிடு. பெரியக்கா திட்டினால் நான் சொன்னேன் என்று சொல்.

[மாலை 7:27] பெரியம்மா: பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்

[மாலை 7:28] கௌதம்: நானும் இங்கே அறையில் செய்கிறேன். டப்பா சோளம், தண்ணீரை வடித்துவிட்டேன். கொதிக்கிற பாலில் கார்ன் ஃப்ளோரைத் தூவினேன். [புகைப்படம்] இது என்ன?

[மாலை 7:28] மாமா: ஆலங்கட்டி மழை.

[மாலை 7:29] சித்தி: சூடான பாலில் உலர்ந்த மாவைத் தூவினால் அப்படித்தான் ஆகும். வெளிப்பக்கம் உடனே வெந்து ஓடு மாதிரி மூடிக்கொள்ளும், உள்ளே மாவு காய்ந்தபடியே கிடக்கும். கரண்டியால் நசுக்கிக்கொண்டிருக்காதே, வடிகட்டிவிடு. அடுத்த தடவை குளிர்ந்த பாலில் கரைத்து விடு.

[மாலை 7:30] மாமா: திவ்யா, கொஞ்சம் எலுமிச்சை பிழிந்துவிட்டால் தூக்கலாக இருக்கும்.

[மாலை 7:30] சித்தி: அண்ணா!!! கொதிக்கிற பாலில் எலுமிச்சையா? திரிந்துவிடும். வேண்டுமென்றால் பரிமாறின பிறகு அவரவர் தட்டில் இரண்டு சொட்டு விட்டுக்கொள்ளட்டும்.

[மாலை 7:31] திவ்யா: கெட்டியாகிவிட்டது!! நடுவில் கொதி வந்த அடுத்த நிமிடமே. மந்திரம் மாதிரி இருக்கிறது. எப்போது இறக்குவது?

[மாலை 7:32] பெரியம்மா: கரண்டியால் வாணலியின் அடியில் ஒரு கோடு இழு. கோடு உடனே மூடினால் இன்னும் ஒரு நிமிடம். இரண்டு விநாடி நின்று மெதுவாக மூடினால் இறக்கிவிடு. மூடவே இல்லையென்றால் ஒரு கரண்டி பால் விடு. ஆறும்போது இன்னும் இறுகும், அதனால் கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும்.

[மாலை 7:33] திவ்யா: கோடு நிற்கிறது. உப்பு எவ்வளவு? அரைத் தேக்கரண்டியா?

[மாலை 7:33] சித்தி: உன் வெண்ணெய் உப்பு போட்டதா, போடாததா?

[மாலை 7:34] திவ்யா: உப்பு போட்டதுதான். நல்லவேளை கேட்டீர்கள்.

[மாலை 7:34] சித்தி: அப்படியென்றால் இரண்டு சிட்டிகை போட்டு ருசி பார். சோளம் இனிப்பாக இல்லையென்றால் அரைத் தேக்கரண்டி சர்க்கரை. மிளகை அப்போதே இடித்துத் தூவு, கொரகொரப்பாக.

[மாலை 7:36] திவ்யா: மிளகு இடிக்கப் போனேன், அடி பிடித்துவிட்டது. அழட்டுமா?

[மாலை 7:36] பெரியம்மா: அழாதே, சுரண்டவும் செய்யாதே. அடுப்பை அணை. கிண்டாமல் மேலாக வேறு பாத்திரத்துக்கு ஊற்று, அடியில் ஒட்டியது ஒட்டியபடியே இருக்கட்டும். பிறகு ருசி பார்.

[மாலை 7:39] திவ்யா: தப்பித்தது. தீய்ந்த வாசனையே இல்லை. அடியில் இருந்தது ஒரு கைப்பிடி அளவுதான்.

[மாலை 7:39] திவ்யா: [புகைப்படம்]

[மாலை 7:40] சித்தி: நன்றாகத்தான் இருக்கிறது. சரி, கொஞ்சம் திப்பியாகத் தெரிகிறது. ஒன்றும் சொல்லவில்லை.

[மாலை 7:40] பெரியம்மா: சொல்லிவிட்டாய்

[மாலை 7:41] சித்தி: எட்டு மணிவரை மேலே ஆடை படியாமல் இருக்க, ஒரு சின்ன வெண்ணெய்த் துண்டை மேலாகத் தடவி மூடி வை.

[இரவு 10:12] திவ்யா: எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். ஒருவர் இரண்டு தடவை போட்டுக்கொண்டார். எந்த பிராண்ட் க்ரீம் என்று கேட்டார், சிரித்துவிட்டேன். ஒரு கிண்ணம் மிச்சம் இருக்கிறது.

[இரவு 10:13] சித்தி: ஃப்ரிட்ஜில் வைத்தால் நாளைக்குக் கத்தியால் வெட்டுகிற மாதிரி இறுகியிருக்கும், கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதே. இரண்டு கரண்டி பால் விட்டுச் சிறு தீயில் கிண்டினால் இளகிவிடும்.

[இரவு 10:14] கௌதம்: என்னுடையதும் தீர்ந்தது. வடிகட்டினேன், சோளமும் சேர்ந்து வடிகட்டியில் நின்றுவிட்டது. அதை அப்படியே சாப்பிட்டேன்.

[இரவு 10:31] அம்மா: இப்போதுதான் போனைப் பார்க்கிறேன். 64 செய்தி வந்திருக்கிறது, யாருக்கு உடம்பு சரியில்லை?

[இரவு 10:31] மாமா: சோளத்துக்கு. இப்போது தேவலை.

[இரவு 10:38] அம்மா: எல்லாம் படித்தேன். திவ்யா, அந்தச் சோள மாவு நான் வந்திருந்தபோது எனக்காக வாங்கி வைத்தது. பிரித்துவிட்டாயா?

[இரவு 10:39] திவ்யா: பிரித்தேன் அம்மா. கிளிப் போட்டு வைத்திருக்கிறேன்.