புளோரஸ் குள்ள மனிதர்: 18,000 ஆண்டா, 60,000 ஆண்டா?

பொங்கோல்_வாசகி:
வணக்கம். எங்கள் சமூக மன்றத்தில் உயர்நிலை மாணவர்களுக்கு ஆதிமனிதர் பற்றித் தமிழில் அரை மணி நேரம் பேசவேண்டும். ஓரிடத்தில் இடிக்கிறது. இந்தோனேசியாவின் லியாங் புவா குகையில் 2003இல் கிடைத்த ஹோமோ புளோரசியென்சிஸ் (புளோரஸ் தீவின் குள்ள மனித இனம்) எலும்புக்கூட்டுக்கு முதலில் 18,000 ஆண்டு என்றார்கள். 2016இல் அதையே 60,000க்கும் மேல் என்று மாற்றினார்கள். கரியில் மிஞ்சிய கதிரியக்கக் கார்பனை அளந்து வயது சொல்லும் கார்பன் முறை தப்பா? அப்படியானால் மற்ற தேதிகளை எப்படி நம்புவது என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்ல? டிஎன்ஏ எடுத்தால் தீர்ந்துவிடாதா?

மண்ணடுக்கு:
வாசகி அக்கா, 18,000 என்பது அருகில் கிடந்த கரித்துண்டை அளந்து சொன்னது, அந்தக் கரியின் வயது சரியாகத்தான் வந்தது. அந்தக் கரிக்கும் எலும்புக்கூட்டுக்கும் சம்பந்தமில்லை, கோளாறு அங்கேதான். எலும்பின் வயதை நேரடியாக அளப்பது அபூர்வம். கூடக் கிடந்ததை அளந்துவிட்டு, "இரண்டும் ஒரே காலத்தில் புதைந்தவை" என்று எடுத்துக்கொள்கிறோம். தேதி தவறும்போது பெரும்பாலும் இந்த எடுத்துக்கொள்ளல்தான் தவறியிருக்கும்.

லியாங் புவாவில் எலும்புக்கூடு ஏறக்குறைய 6 மீட்டர் ஆழத்தில் கிடந்தது. குகையில் படிந்த பழைய மண்ணில் பெரும்பகுதியை ஒரு காலத்தில் அரிப்பு கொண்டுபோய்விட்டது. எஞ்சிய மேடு செங்குத்தான சரிவாக நின்றது. அந்தப் பள்ளத்தில் பிறகு புது மண் வந்து நிரம்பியது. குறுகிய குழிக்குள் நின்று பார்த்தால் பழையதும் புதியதும் ஒரே ஆழத்தில், பக்கத்துப் பக்கத்தில் தெரியும். எலும்பு பழைய மேட்டில் இருந்தது, கரி புது மண்ணிலிருந்து எடுத்தது. 2007 முதல் 2014 வரை அகலமாகத் தோண்டியபோதுதான், மேட்டிலுள்ள எரிமலைச் சாம்பல் அடுக்குகள் சரிவின் விளிம்பில் அறுபட்டு நிற்பது தெரியவந்தது. இப்போதைய கணக்கில் எலும்புகள் 1,00,000 முதல் 60,000 ஆண்டு, அவர்களுடைய கற்கருவிகள் சுமார் 50,000 ஆண்டு வரை. தங்கள் தேதியைத் தாங்களே திருத்தியது அதே குகையில் தோண்டிய குழு. இதைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

காட்டிச் சொல்ல ஒன்பது அடுக்குக் குவே லாப்பிஸ் (நிறநிறமான அடுக்குப் பலகாரம்) போதும். ஒரு பக்கத்தைச் சரிவாக வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தை வேறு நிற அகர் அகரால் (கடற்பாசி ஜெல்லி) அதே உயரத்துக்கு நிரப்புங்கள். பழைய பக்கம் ஒரு திராட்சை, புதுப் பக்கம் ஒரு கிராம்பு, இரண்டும் மேலிருந்து ஒரே ஆழத்தில். "கிராம்பின் வயது தெரியும், திராட்சையின் வயது என்ன?" என்று கேளுங்கள்.

கரி14:
கார்பனுக்கும் எல்லை உண்டு, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த முறையில் அளக்கும் கார்பன்-14இன் அரைவாழ்வு, அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 5,730 ஆண்டு. 50,000 ஆண்டில் தொடக்க அளவில் 0.24 விழுக்காடுதான் மிஞ்சும். அப்படிப்பட்ட கரியில் புதுக் கார்பன் வெறும் 1 விழுக்காடு ஒட்டியிருந்தாலே வயது சுமார் 36,000 என்று வந்துவிடும். அதனால் முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பைக் கரைப்பார்கள். அடுத்து சோடியம் ஹைட்ராக்சைடில் மட்கின் சாறு நீங்கும். காரம் காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்திருக்கும் என்பதால் கடைசியில் மறுபடியும் அமிலம். மிகப் பழைய கரிக்கு இதுவும் போதாது, இன்னும் கடுமையாகச் சுத்தம் செய்யவேண்டும்.

நமக்குப் பக்கத்து மலேசியாவின் சரவாக்கிலுள்ள நியா குகையையும் சொல்லுங்கள். 1958இல் கிடைத்த மண்டையோட்டுக்கு, அருகிலிருந்த கரியை வைத்து ஏறத்தாழ 40,000 ஆண்டு என்றார்கள். பிற்காலத்தில் மேலிருந்து குழி வெட்டிப் புதைத்த உடலாக இருக்கலாமே என்ற ஐயம் பல பத்தாண்டு நீடித்தது. பின்னாளில் மண்டையோட்டு எலும்பிலேயே யுரேனியத்தை அளந்தபோது சுமார் 37,000 வந்தது. அங்கே கரி சொன்னது ஏறக்குறைய சரிதான்.

லட்சக்கணக்கான ஆண்டுகளுக்குக் கார்பன் பக்கமே போகமாட்டார்கள். எத்தியோப்பியாவில் 1974இல் கிடைத்த லூசி என்ற ஆதிமனித எலும்புக்கூட்டுக்கு 31.8 லட்சம் ஆண்டு என்பது எரிமலைச் சாம்பலின் படிகங்களில் சேர்ந்த ஆர்கான் வாயுவை அளந்து வந்த கணக்கு. படிகங்களை ஒவ்வொன்றாக லேசரில் உருக்குவார்கள். பழைய பாறையிலிருந்து வந்த படிகம் கலந்திருந்தால் அது தனியாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஈசூன்_மரபணு:
டிஎன்ஏ பற்றி: வெப்பமும் ஈரமும் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். லியாங் புவா எலும்பிலிருந்து எடுக்க முயன்றும் கிடைக்கவில்லை. ஸ்பெயினில் ஒரு குகையில் 4,30,000 ஆண்டு எலும்பில் கிடைத்தது. இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவில் கிடைத்து 2021இல் வெளியான டிஎன்ஏ வெறும் 7,200 ஆண்டு பழையது, அதுவும் உள்காதைச் சுற்றியுள்ள கெட்டி எலும்பிலிருந்து எடுத்தது. நம் வட்டாரத்தில் நம்பிக்கை தருவது பல் எனாமலின் புரதம். தென்சீனத்தில் கிடைத்த, 19 லட்சம் ஆண்டுக்கு முந்தைய ஜைகாண்டோபிதிகஸ் குரங்கின் பல்லிலேயே அது தங்கியிருந்தது. ஆனால் உறவுமுறை சொல்லுமே தவிர, வயதுக்கு மறுபடியும் மண்ணுக்குத்தான் வரவேண்டும்.

பொங்கோல்_வாசகி:
மிக்க நன்றி, இப்போது புரிகிறது. குவே லாப்பிஸில் அகர் அகர் ஒட்டுமா? எண்ணெய்ப் பசை இருக்குமே.

மண்ணடுக்கு:
அப்படியே ஊற்றினால் கழன்று வரும். வெட்டுமுகத்தைத் தாளால் ஒற்றி எடுத்து, முள்கரண்டியால் லேசாகக் கீறிவிடுங்கள். கை பொறுக்கும் சூட்டில் ஊற்றவேண்டும், 40 டிகிரிக்குக் கீழே போனால் பாத்திரத்திலேயே உறைந்துவிடும். ஓர் அடுக்கு முழுதாக இறுகுமுன், தொட்டால் ஒட்டும் பதத்தில் அடுத்ததை ஊற்றுங்கள். திராட்சையை மேலிருந்து குத்தாமல் வெட்டுமுகத்தின் வழியாக முன்கூட்டியே செருகிவிடுங்கள். மேலிருந்து குத்தினால் துளை தெரியும், அது நியாவில் சந்தேகப்பட்ட புதைகுழி ஆகிவிடும். அதைக் காட்டவேண்டுமானால் இன்னொரு துண்டில் தனியாகக் குத்திக் காட்டுங்கள்.