பிடிபட்ட ஊடகவியலாளருக்காகப் பதாகை பிடிப்பதால் பயன் உண்டா?

வெள்ளவத்தை வாசகர்:
கோட்டை புகையிரத நிலையத்துக்கு முன்னால் பதாகை பிடிக்கிறார்கள், மகஜருக்குக் கையெழுத்து வாங்குகிறார்கள். மறுநாள் பேப்பரில் படம். பிறகு சத்தமே இல்லை. உள்ளே இருப்பவருக்கு இதனால் ஏதும் ஆகிறதா? சத்தம் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும் என்பாரும் உண்டு.

புதுக்கடை நிருபர்:
பிடித்து வைத்திருப்பது யார் என்று முதலில் பாருங்கள். அரசு என்றால் அதற்கு இழக்க ஏதோ இருக்கும். ஊடகவியலாளர் ஜே. எஸ். திசைநாயகத்துக்கு 2009 ஓகஸ்ட் 31இல் கொழும்பு மேல் நீதிமன்றம் 20 வருடக் கடூழியச் சிறை விதித்தது. 2010 ஜனவரியில் பிணை, மே 3 உலக ஊடக சுதந்திர தினத்தன்று மன்னிப்பு அறிவிப்பு. அந்தத் திகதி தற்செயலாக அமைந்ததென்று நான் நம்பவில்லை. ஒபாமா அவர் பெயரைச் சொல்லியிருந்தார், ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை ஏற்றுமதிக்குத் தந்த ஜீஎஸ்பி பிளஸ் வரிச் சலுகையும் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. வெறும் கூட்டம் அல்ல, கூட்டத்தின் சத்தம் போய் விழுந்த இடம்தான் வேலை செய்தது.

ஆயுதக் குழு பணத்துக்காகக் கடத்தினால் கதை வேறு. அங்கே விளம்பரம் விலையை ஏற்றிவிடும். 2008 நவம்பரில் ஆப்கானிஸ்தானில் தன் நிருபர் டேவிட் ரோட் கடத்தப்பட்டபோது நியூயோர்க் டைம்ஸ் ஏழு மாதம் செய்தியே போடவில்லை. கடைசியில் அவரே தப்பி வந்தார்.

சட்ட உதவி:
பதாகைக்கு முன் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைது செய்தால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தார்களா என்று குடும்பம் அன்றே கேட்கட்டும். உயர் நீதிமன்றத்தில் போடும் அடிப்படை உரிமை மீறல் மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு இருந்தால், விசாரணை நடக்கும் காலம் அதில் கணக்கில் வராது. ஊர்வலத்துக்கு ஆள் சேர்ப்பதிலேயே இந்த ஒரு மாதம் கரைந்துபோவதுதான் வழக்கமான தவறு.

மகஜரில் அடையாள அட்டையில் உள்ளபடி பெயர், கைதான திகதி, எந்தச் சட்டம், எங்கே வைத்திருக்கிறார்கள், அடுத்த தவணை எப்போது. இவ்வளவு போதும். அவர் யாரிடம் தகவல் எடுத்தார், யாருடன் பேசினார் என்று அனுதாபத்தில் பேஸ்புக்கில் எழுதினால், விசாரணையாளருக்கு நீங்களே எடுத்துக் கொடுத்த மாதிரி. குடும்பத்துக்காகப் பேச ஒரே ஆள் இருக்கட்டும், சட்டத்தரணிக்குத் தெரியாமல் அறிக்கை போகக் கூடாது.

கடற்கரை வீதி:
வெளியே போடும் சத்தம் உள்ளே இருப்பவர் காதுக்கும் போகும். பிபிசியின் அலன் ஜோன்ஸ்டன் 2007இல் காஸாவில் 114 நாள் அடைபட்டிருந்தார். அவருக்கு ஒரு ரேடியோ கிடைத்தது. தனக்காக நடக்கும் ஆதரவுக் கூட்டங்களையெல்லாம் அதில் கேட்டார். அதே ரேடியோவில் தன்னைக் கொன்றுவிட்டதாகச் சொன்ன செய்தியையும் கேட்டார். உறுதிப்படுத்தாததைப் பகிராதீர்கள் என்று சொல்ல இதைவிடக் காரணம் வேண்டுமா?

வெள்ளவத்தை வாசகர்:
கடிதம் போடலாமா?

கடற்கரை வீதி:
போடலாம். அதிகாரி வாசித்த பிறகுதான் உள்ளே போகும் என்பதை நினைவில் வைத்து எழுதுங்கள். அமெரிக்க ஊடகவியலாளர் இவான் கெர்ஷ்கோவிச் ரஷ்யச் சிறையில் இருந்தபோது வந்த கடிதங்களை நண்பர்கள் ரஷ்ய மொழிக்கு மாற்றித்தான் அனுப்பினார்கள். இங்கே தமிழ்க் கடிதம், வாசிக்கத் தெரிந்த அதிகாரி வரும்வரை கிடக்கலாம். ஒரு பக்கம், தெளிவான கையெழுத்து, வழக்கைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். முடிந்தால் சிங்களப் பிரதி ஒன்றையும் சேர்த்து வையுங்கள்.