கச்சத்தீவைப் பற்றிப் பேசும் வேட்பாளர்களுக்கு வெளியுறவு புரிந்திருக்கிறதா?

கேள்வி — வைகைக்கரையான்

எங்கள் தொகுதி கடற்கரையை ஒட்டியது. 2024 மக்களவைத் தேர்தலின்போது வாக்குக் கேட்டு எங்கள் ஊருக்கு வந்த மூன்று வேட்பாளர்களின் பேச்சையும் தெருமுனையில் நின்று கேட்டேன். மூவரும் வெவ்வேறு அணியினர். மூவரும் கச்சத்தீவைப் பற்றியே பேசினார்கள். ஒருவர் தீவைக் கொடுத்தவர்களைச் சாடினார், மற்றவர் ஆட்சியில் இருந்தும் பத்தாண்டுகளாக மீட்காதவர்களைச் சாடினார், மூன்றாமவர் இருவரையும் சாடினார். தீவு திரும்ப வந்துவிட்டால் மீனவர் கைது நின்றுவிடும் என்பதில் மட்டும் மூவருக்கும் ஒரே கருத்து.

கூட்டம் முடிந்து வேனில் ஏறப் போன ஒருவரிடம், 1974 ஒப்பந்தத்துக்கும் 1976 ஒப்பந்தத்துக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டேன். "எல்லாம் ஒன்றுதான் ஐயா" என்று கும்பிட்டபடியே நகர்ந்துவிட்டார். அவரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. வெயிலில் நாள் முழுவதும் அலைந்து களைத்திருந்தார். ஆனாலும் அந்த விடை மனத்தில் தங்கிவிட்டது. அயல்நாட்டோடு செய்துகொண்ட உடன்படிக்கையைப் பற்றி அரை மணி நேரம் முழங்கும் ஒருவர், அதை ஒரு முறையாவது படித்திருக்க வேண்டாமா? அல்லது வெளியுறவு என்பது தில்லியில் அதிகாரிகள் பார்த்துக்கொள்ளும் வேலை, தொகுதி வேட்பாளரிடம் அதை எதிர்பார்ப்பதே தவறு என்று நினைக்க வேண்டுமா? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி — ஓய்வுபெற்ற_வாத்தியார்

அந்த வேட்பாளர் சொல்லியிருக்க வேண்டிய விடை கடினமானதன்று. 1974 ஜூன் இறுதியில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் பாக் நீரிணையில் எல்லைக்கோட்டை வகுத்தது. அந்தக் கோடு கச்சத்தீவின் மேற்குக் கரையிலிருந்து ஒரு மைல் தள்ளிச் சென்றதால், 285 ஏக்கர் பரப்பும் குடிநீர்கூட இல்லாத நிலமுமான அத்தீவு இலங்கைப் பக்கம் போயிற்று. ஆனால் அதே ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே தீவுக்குச் சென்று வரலாம், அதற்கு விசா தேவையில்லை என்கிறது. 6ஆம் பிரிவு, இரு நாட்டுப் படகுகளும் மற்ற நாட்டின் கடற்பரப்பில் மரபாகப் பெற்றிருந்த உரிமைகளைத் தொடர்ந்து பெறும் என்கிறது. அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு இன்றும் நம்மவர்கள் படகேறிப் போவது இந்த அடிப்படையில்தான்.

1976 மார்ச்சில் நடந்தது வேறு. மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லையை நீட்டிய ஒப்பந்தம் அது. அதையொட்டி இரு நாட்டு வெளியுறவுச் செயலர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள்தாம், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டின் கடற்பரப்பில் மீன்பிடிக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லின. கன்னியாகுமரிக்குத் தெற்கே மீன்வளம் மிக்க வாட்ஜ் பேங்க் பகுதி இந்தியாவுடையது என்பதும் அந்த ஏற்பாட்டில்தான் உறுதியாயிற்று. ஆக, நிலம் போனது முதல் ஒப்பந்தத்தில்; மீன்பிடி உரிமைக்குக் கதவு அடைபட்டது இரண்டாம் கட்டத்தில். தமிழ்நாட்டில் அப்போது நெருக்கடிநிலை மட்டுமன்று, குடியரசுத் தலைவர் ஆட்சியும் நடந்துகொண்டிருந்தது. 1976 ஜனவரி 31 அன்றே மாநில அரசு கலைக்கப்பட்டுவிட்டது. 1974இல் சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 1976இல் நிறைவேற்றுவதற்குச் சட்டமன்றமே இல்லை. மேடைகளில் 1974 மட்டும் ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுத்து, குழப்பம் வேட்பாளர்களுக்கு மட்டும் உரியதன்று. கச்சத்தீவு விட்டுக்கொடுக்கப்பட்டதா என்று கேட்டால், அது எல்லை வரையறுக்கப்படாமல் தகராறில் இருந்த பகுதி, ஆகவே எந்த நிலமும் கொடுக்கப்படவுமில்லை பெறப்படவுமில்லை என்பதே மைய அரசு நெடுங்காலமாகச் சொல்லிவந்த விடை. காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில் உச்ச நீதிமன்றத்தில் அப்படிச் சொல்லப்பட்டது. பாரதிய ஜனதா ஆட்சியில் 2015இல் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டவருக்கும் அதே விடைதான் தரப்பட்டது. 2014இல் அட்டர்னி ஜெனரல் முகுல் ரோத்தகி, தீவைத் திரும்பப் பெறவேண்டுமானால் போர்தான் தொடுக்கவேண்டும் என்னும் பொருள்பட நீதிமன்றத்தில் பேசினார். 2024 மார்ச் 31 அன்று, தமிழ்நாட்டு வாக்குப்பதிவுக்கு மூன்று வாரம்கூட இல்லாதபோது, அதே ஆட்சியின் தலைமை அமைச்சர் காங்கிரஸ் தீவைக் கொடுத்துவிட்டது என்றார். அமைச்சகத்தின் விடையே தேர்தலுக்கு ஏற்றபடி மாறும்போது தெருமுனையில் நிற்பவரிடம் நிலைத்த விடையை எதிர்பார்க்க முடியாது.

வேட்பாளருக்கு இது தேவையா என்று கேட்டீர்கள். மக்களவை வேட்பாளருக்கு உறுதியாகத் தேவை. வெளியுறவும் உடன்படிக்கைகளும் ஒன்றியப் பட்டியலில் உள்ளவை. நம் நாட்டில் உடன்படிக்கைக்கு நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் கட்டாயமில்லை. ஆனால் இந்திய நிலத்தைக் கொடுப்பதானால் அரசியலமைப்பைத் திருத்தவேண்டும் என்று 1960இல் பெருபாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வங்கதேசத்தோடு நிலப்பகுதிகளைப் பரிமாறிக்கொள்ள 2015இல் 100ஆவது திருத்தம் வந்தது அதனால்தான். கச்சத்தீவுக்கு அப்படித் திருத்தம் எதுவும் வரவில்லை என்பதே 2008இல் ஜெயலலிதா தொடுத்த வழக்கின் உயிர்நாடி. இதைத் தெரிந்துகொண்டு அவைக்குப் போகிறவர் கேள்வி நேரத்தில் அமைச்சரை மடக்க முடியும். தெரியாமல் போகிறவர் கருப்புச் சட்டை அணிந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பலாம்.

மறுமொழி — நங்கூரம்

வாத்தியார் ஐயா எழுதியதெல்லாம் சரி. ஆனால் வேட்பாளர்களுக்கு இது தெரியாது என்று இருவரும் எடுத்துக்கொண்டதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் விசைப்படகு வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவன். ஒரு தேர்தலின்போது எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு வேட்பாளர் என் பெரியப்பாவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார். படகுகள் பிடிபடுவது கச்சத்தீவின் கரையில் மட்டுமன்று, அதைத் தாண்டி இலங்கையின் நெடுந்தீவுக்கு அருகிலும், தெற்கே தலைமன்னார்ப் பக்கத்திலும்தான் என்று அவரே சொன்னார். தீவு நம்முடையதானால் கோடு சற்றுக் கிழக்கே நகரும், ஆனால் நெடுந்தீவின் கரைவரை ஒருநாளும் போகாது என்றும் சொன்னார். இழுவைமடி வலை போட்டு நம் பக்கக் கடலின் அடியை நாமே வழித்துவிட்டோம், இறால் இருக்கும் இடம் தேடித்தான் படகு போகிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. பெரியப்பாவும் மறுக்கவில்லை. காப்பி குடித்துவிட்டு எழுந்தார்கள். மாலையில் மேடையேறியதும் அதே மனிதர், "கச்சத்தீவை மீட்டால் ஒரு மீனவனைக்கூட எவனும் தொட முடியாது" என்றார். பெரியப்பா கூட்டத்தில் நின்று கைதட்டினார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவருக்கு வெளியுறவு புரியவில்லை என்று எப்படிச் சொல்வது? புரிந்ததைச் சொன்னால் விசைப்படகுச் சங்கங்களின் வாக்குப் போகும். நாட்டுப்படகுக்காரர்களும் இழுவைமடியை எதிர்க்கிறார்கள் என்றாலும், டீசல், ஐஸ், ஏலம், ஏற்றுமதி என்று விசைப்படகைச் சுற்றிப் பிழைப்பவர்கள் ஊரில் ஏராளம். 2017இல் இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டம் வந்தது; ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய், அதில் பாதியை மைய அரசும் ஐந்தில் ஒரு பங்கை மாநில அரசும் தரும் என்றார்கள். மூன்றாண்டில் 2,000 படகுகள் என்பது இலக்கு. நடந்தது அதில் சிறு பங்குதான். கடன் தவணை, சூரைக்காகப் பல நாள் கடலில் தங்கவேண்டிய நிலை, தொழில் பழக்கம் என்று தயங்கியதற்குக் காரணங்கள் உண்டு. எந்த வேட்பாளராவது அந்தத் திட்டம் ஏன் படுத்தது என்று மேடையில் பேசிக் கேட்டீர்களா? கச்சத்தீவைப் பேசுவது எளிது, ஏனென்றால் அது யாருடைய படகையும் நிறுத்தச் சொல்லவில்லை.

மறுமொழி — தென்பாண்டிச்_செல்வன்

உணர்ச்சிப் பேச்சு என்று எல்லாவற்றையும் ஒதுக்கிவிடாதீர்கள். 2014 அக்டோபர் இறுதியில் கொழும்பு உயர் நீதிமன்றம், போதைப்பொருள் வழக்கில் நம் மீனவர் ஐவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. தமிழ்நாடு கொந்தளித்தது, ஒரு மாதத்துக்குள் அதிபர் ராஜபக்ச மன்னிப்பு வழங்கி அவர்களை அனுப்பிவைத்தார். அன்று குரல் கொடுத்தவர்களில் எத்தனை பேர் ஒப்பந்தப் பிரிவுகளைப் படித்திருப்பார்கள்? தில்லிக்கு அழுத்தம் கொடுப்பது தொகுதிக்காரரின் வேலை, அழுத்தத்தை இராஜதந்திரமாக மாற்றுவது அமைச்சகத்தின் வேலை. 20 ஆண்டுகளில் 6,184 மீனவர்கள் பிடிபட்டார்கள், 1,175 படகுகள் பறிபோயின என்று 2024 ஏப்ரலில் அமைச்சர் ஜெய்சங்கரே எண்ணிச் சொன்னார். இத்தனை விவரமும் கையில் இருந்த அமைச்சகத்தால் தடுக்க முடிந்ததா? விவரம் தெரிவதற்கும் விளைவுக்கும் நீங்கள் நினைக்கும் அளவுக்குத் தொடர்பு இல்லை என்பது என் கருத்து.

மறுமொழி — மயிலிட்டியாள்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் உரையாடலில் எங்கள் பக்கம் இன்னும் வரவில்லை. பிடிபட்ட உங்கள் படகுகள் எங்கள் ஊர்த் துறைமுகத்தில்தான் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. ஊர்காவற்றுறை நீதிமன்றத்துக்கு உங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோவதையும் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அது எங்களுக்கு மகிழ்ச்சி தருவதில்லை. ஆனால் யுத்த காலம் முழுவதும் கடலில் இறங்க விடாமல் தடுக்கப்பட்டிருந்த எங்கள் கடற்றொழிலாளர், 2009க்குப் பிறகு கடன் வாங்கி வலை வாங்கி இறங்கியபோது, இரவில் வந்த றோலர்கள் (இழுவைப் படகுகள்) அந்த வலைகளை அறுத்துக்கொண்டு போயின. வலையை இழந்தவரும் தமிழர்தான். தமிழ்நாட்டு மேடைகளில் "சிங்களக் கடற்படை" என்ற சொல் வரும் அளவுக்கு எங்கள் வலை வருவதில்லை.

எங்கள் வேட்பாளர்களும் இதில் தெளிவாகப் பேசுவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடற்றொழிலாளரின் வாக்கும் வேண்டும், தமிழ்நாட்டின் ஆதரவும் வேண்டும் என்று இரண்டு தோணியில் கால் வைத்து நிற்பவர்களே அதிகம். ஆயினும் 2017இல் இழுவைமடியைத் தடைசெய்த சட்டம், அப்போது எங்கள் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலத்தின் வழியாகவே வந்தது. அந்தத் தடை எங்கள் பக்கத்து இழுவைப் படகுகளையும் பாதித்தது. அவற்றை வைத்திருந்தவர்கள் மத்தியில் அவருக்கு அதனால் எதிர்ப்பும் வந்தது. செல்வன் அண்ணா சொல்லும் அழுத்தம் ஐந்து உயிர்களைக் காத்தது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கடலில் அடுத்த நாள் எந்த வலை எங்கே விழ வேண்டும் என்பதை அழுத்தத்தால் முடிவு செய்ய முடியாது. அதற்கு இரண்டு கரையிலும் உள்ள தொழிலாளர் உட்கார்ந்து பேச வேண்டும், பேசியும் இருக்கிறார்கள். இழுவைமடியை நிறுத்துவதற்கு எத்தனை ஆண்டு அவகாசம் என்ற இடத்தில்தான் பேச்சு ஒவ்வொரு முறையும் முறிந்தது.

கேள்வி கேட்டவர் — வைகைக்கரையான்

அனைவருக்கும் நன்றி. நங்கூரம் தம்பி எழுதியதைப் படித்த பிறகு, நான் அன்று தவறான கேள்வியைக் கேட்டுவிட்டேன் என்று தோன்றுகிறது. ஆண்டுகளையும் பிரிவுகளையும் கேட்டால், படித்து வந்து ஒப்பித்துவிடுவார்கள். அடுத்த முறை உதவியாளர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். செல்வன் சொல்லும் வாதத்தில் உண்மை இருப்பதாலும் எனக்குத் தயக்கம் வருகிறது: அமைச்சகத்தை அசைக்கும் குரல் எப்போதும் படித்தவரின் குரலாக இருந்ததில்லை.

எனவே அடுத்த கூட்டத்தில் வேறொன்று கேட்கலாம் என்று நினைக்கிறேன். அவகாசம் எத்தனை ஆண்டு என்று மயிலிட்டியாள் அம்மா சொன்ன அந்த இடத்தில், தாங்கள் உறுப்பினரானால் என்ன எண்ணைச் சொல்வீர்கள், அதை இந்த மேடையிலேயே விசைப்படகுச் சங்கத்தார் முன்னால் சொல்வீர்களா என்று. நங்கூரம், உங்கள் பெரியப்பா அந்தக் கூட்டத்துக்கு வந்தால் எந்த எண்ணுக்குக் கைதட்டுவார் என்று கேட்டுச் சொல்ல முடியுமா?

மறுமொழி — நங்கூரம்

கேட்டேன் ஐயா. "முதலில் தவணை யார் கட்டுவது என்று அவனைச் சொல்லச் சொல்" என்கிறார்.