மறு: கணப்படுப்பு எத்தனை கிலோவாட்? ‘வெப்ப வெளியீடு’ போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

அறையைச் சூடாக்குவதற்கென வீட்டில் வைக்கும் விறகு அடுப்பைக் ‘கணப்படுப்பு’ என்று அழைக்கலாம் என்பதில் நம் கலைச்சொல் குழுவில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. ‘விறகடுப்பு’ என்றால் சமையல்தான் நினைவுக்கு வரும். குளிர் காய மூட்டும் நெருப்புக்குக் ‘கணப்பு’ என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த அடுப்பின் முத்திரைத் தகட்டில் ‘5 கிலோவாட்’, ‘8 கிலோவாட்’ என்று பொறித்திருக்கிறார்களே, அந்த ‘ஹீட் அவுட்புட்’டுக்கு என்ன பெயர் என்பதுதான் கேள்வி. இதுவரை முன்மொழியப்பட்டவை ‘வெப்ப அளவு’, ‘வெப்பத் திறன்’, ‘வெப்ப வெளியீடு’ ஆகிய மூன்று.

‘வெப்ப அளவு’ என்பதை உடனே விலக்கிவிடலாம். கிலோவாட் என்பது வீதம். அளவைக் குறிக்க வேண்டுமானால் கிலோவாட் மணி என்றுதான் எழுதுவோம்.

‘வெப்பத் திறன்’ இயற்பியல்படி பிழையன்று. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘பவர்’ என்பதைத் திறன் என்றே சொல்கின்றன. ஆனால் அதே தகட்டில் 75 விழுக்காடு, 80 விழுக்காடு என்று ‘பயனுறுதிறன்’ (விறகின் வெப்பத்தில் அறைக்குக் கிடைக்கும் பங்கு) வேறு இருக்கும். ஒரே தகட்டில் இரண்டு திறன்கள் இருந்தால் வாங்குபவர் குழம்புவார். இதைவிடப் பெரிய இடர், திறன் என்பது அன்றாடப் பேச்சில் பாராட்டுச் சொல் என்பது. ‘திறன் மிகுந்த அடுப்பு’ என்று எழுதினால், 4 கிலோவாட் போதுமான அறைக்கு 10 கிலோவாட் அடுப்பை வாங்குவதே அறிவுடைமை என்று படிப்பவருக்குத் தோன்றும். நடப்பது இதற்கு நேர்மாறு. அறை அரை மணி நேரத்தில் புழுங்கத் தொடங்கும். காற்றுத் திறப்பை ஏறக்குறைய முழுவதும் மூடிவிடுவார்கள். காற்றுக் குறைந்ததும் விறகு சுவாலை விடாமல் புகையும். கண்ணாடிக் கதவின் மூலைகளில் முதலில் பழுப்பாகத் தொடங்கும் கறை, ஓரிரு மாலைகளில் உள்ளே நெருப்பு இருப்பதே தெரியாத அளவுக்குக் கருத்துவிடும். கண்ணாடியைத் துடைத்துவிடலாம். அதே தார்ப்படிவு புகைபோக்கியின் உட்சுவரிலும் ஏறிக்கொண்டிருக்கும், அது என்றாவது தீப்பற்றினால் வீட்டுக்கே ஆபத்து. ஆகவே, ‘கூடினால் நல்லது’ என்ற எண்ணத்தைத் தூண்டாத சொல்தான் இங்கே வேண்டும்.

‘வெப்ப வெளியீடு’ என்றால் புத்தக வெளியீடு நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை நான் பொருட்படுத்தவில்லை, பழகினால் போய்விடும். என் குறை வேறு. வெளியீடு என்ற சொல், வெப்பம் எங்கே போகிறது என்பதைச் சொல்லவில்லை. மணிக்கு ஒன்றரை கிலோ உலர்ந்த விறகு எரிவதாகக் கொள்வோம். ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கு உட்பட்ட விறகில் கிலோவுக்கு ஏறத்தாழ 4 கிலோவாட் மணி இருக்கிறது. எனவே மொத்தம் 6 கிலோவாட் எரிகிறது. பயனுறுதிறன் 75 விழுக்காடு என்றால் 4.5 கிலோவாட் அறைக்கும், மீதி 1.5 கிலோவாட் புகைபோக்கிக்கும் போகின்றன. இரண்டுமே அடுப்பிலிருந்து வெளியேறுபவைதாம், ஆனால் தகட்டில் இருப்பது அறைக்குக் கிடைப்பது மட்டுமே.

இதனால்தான் ‘வெப்ப ஈவு’ என்பதை முன்வைக்கிறேன். ஈதல் என்றால் பெறுபவர் ஒருவர் இருந்தாக வேண்டும். இங்கே பெறுவது அறை. கல்லாலும் செங்கல்லாலும் கட்டிய கனத்த கணப்படுப்பை எண்ணிப் பார்த்தால் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகும். அதில் நெருப்பு இரண்டு மணி நேரம் மூர்க்கமாக எரிந்து அணைந்துவிடும்; சூடேறிய சுவரோ அதற்குப் பிறகும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் மெல்ல வெப்பம் தந்துகொண்டிருக்கும். நெருப்பினுடையது எரிவீதம், சுவரினுடையது ஈவு. இலங்கைப் பாடநூல்களில் ‘பவர்’ என்பது வலு. திறனா வலுவா என்ற பழைய வழக்குக்குள் நுழையாமல் இரு தரப்பும் ‘ஈவு’ என்று எழுதலாம் என்பது கூடுதல் வசதி.

ஈவு என்பது வகுத்தலில் வரும் விடையாயிற்றே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான், ஏனென்றால் இங்கே வகுத்தலும் வருகிறது. ஓரளவு வெப்பக்காப்பு உள்ள வீட்டில், அறையின் கன மீட்டரை 14ஆல் வகுத்துக் கிலோவாட் காண்பது ஒரு தோராயக் கணக்கு. 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம் உள்ள அறைக்கு 60 கன மீட்டர். வகுத்தால் சுமார் 4.3. கணக்கில் இது ஈவு, பொருளில் இது அறையின் தேவை. இதற்கு ‘வெப்பத் தேவை’ என்ற பெயரை இப்போதே உறுதிசெய்துவிட்டால் குழப்பம் வராது: தேவை அறையினுடையது, ஈவு அடுப்பினுடையது.

தகட்டிலுள்ள கிலோவாட் எண்ணை ஆங்கிலத்தில் ‘நாமினல் ஹீட் அவுட்புட்’ என்பார்கள். அந்த ‘நாமினல்’ என்பதற்கு அகராதி தரும் ‘பெயரளவு’ என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து தவிர்ப்போம். ‘பெயரளவு வெப்ப ஈவு 5 கிலோவாட்’ என்று படிப்பவர், அடுப்பு பேருக்குத்தான் சுடும் போலிருக்கிறது என்று நினைப்பார். குறிப்பிட்ட எடை விறகை, குறிப்பிட்ட இடைவெளியில் இட்டு, சோதனைச்சாலையில் பெற்ற சராசரியே அந்த எண். அது உச்சவரம்பு அன்று, கூடுதலாக விறகு திணித்தால் ஈவு அதைத் தாண்டும். ஆகவே ‘சோதனை ஈவு’ என்கிறேன். (சோதனைக்கும் இன்னொரு பொருள் உண்டு என்பது தெரியும், ஈர விறகு வாங்கியவர்களுக்கு அதுவும் பொருந்தும்.) மிகக் குறைந்த அளவிலிருந்து மிகக் கூடிய அளவு வரை, புகையாமல் எரியும் எல்லையை ‘ஈவு வீச்சு’ எனலாம்.

சொற்பட்டியலில் சேர்ப்பதற்கு முன் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “இந்த அறையின் வெப்பத் தேவை 4.3 கிலோவாட், சோதனை ஈவு 5 கிலோவாட் உள்ள கணப்படுப்பு போதும்.” எனக்கு உறுத்தவில்லை. உங்களுக்கு உறுத்தினால் எந்தச் சொல்லில் என்று குறித்து எழுதுங்கள். அறைக்கும் தண்ணீருக்கும் வெப்பத்தைப் பிரித்துத் தரும் கொதிகலன் இணைந்த அடுப்புகளுக்கு ‘அறை ஈவு’, ‘நீர் ஈவு’ என்று பிரிக்கலாமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்.