புதுப்பிப்பு: பக்கத்து மனைப் பள்ளமும் எங்கள் சுவர் விரிசலும்

பக்கத்து மனையில் அஸ்திவாரப் பள்ளம் தோண்டியதில் எங்கள் சமையலறைச் சுவர் பிளந்ததையும், "இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும்" என்று கான்ட்ராக்டர் சொன்னதையும் முன்பு எழுதியிருந்தேன். இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் (சேதத்தை மதிப்பிடுபவர்) வந்தார், விரிசலில் அளவுகோலை வைத்துப் படமெடுத்தார். அப்புறம் கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க் (கட்டுமானப் பணிக்கான இன்சூரன்ஸ்) பாலிசியில் மூன்றாம் நபர் பொறுப்பை, அதாவது பிறருக்கு வரும் சேதத்துக்கான பாதுகாப்பை, எடுத்திருந்தாலும், அதிர்வாலோ பக்கத்து மண் தந்த தாங்கல் போனதாலோ வரும் சேதத்துக்குத் தனியாகப் பிரீமியம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். கான்ட்ராக்டர் அதைச் சேர்க்கவில்லை.

சரி, பாலிசி கைவிட்டால் அவர் பொறுப்பும் போய்விடுமா? போகாது. 20 ஆண்டுகளாகத் தடையின்றி, உரிமையாகப் பக்கத்து நிலத்திலிருந்து பெற்றுவந்த மண் தாங்கலை 1882 ஈஸ்மென்ட் (பிறர் நிலத்தின் மீதான அனுபவ உரிமை) சட்டத்தின் 15ஆம் பிரிவு காக்கிறது. எங்கள் வீடு அதைவிடப் பழையது. வக்கீல் முதலில் கேட்டதே விரிசலுக்கு முந்தைய சுவர்ப் படங்களைத்தான். நல்லவேளை, வெள்ளையடித்தபோது எடுத்தவை இருந்தன. மனை உரிமையாளர், கான்ட்ராக்டர் இருவருக்கும் நோட்டீஸ் போய்விட்டது.