‘பிணைப்புப் புரதம்’ வேண்டாமே, ‘ஏந்துபுரதம்’ ஆகுமா?

அன்பர்களுக்கு வணக்கம். ஆங்கிலப் பெயர் ஒன்றுக்கு முன்வைக்கப்பட்ட இந்தத் தமிழாக்கத்தைப் பற்றித்தான் பேச்சு:

> ஃபேட்டி ஆசிட் பைண்டிங் புரோட்டீன் = கொழுப்பமிலப் பிணைப்புப் புரதம்

சொல்லுக்குச் சொல் சரிதான் ஐயா. எனக்கு இடிப்பது ‘பிணைப்பு’. சகப்பிணைப்பு, அயனிப்பிணைப்பு என்று படித்துவந்த மாணவர், அமிலம் புரதத்தோடு வேதிவினை செய்து ஒட்டிக்கொண்டதாகத்தான் நினைப்பார். நடப்பது அதுவல்ல.

வெட்டுக்கிளியை வைத்துச் சொல்கிறேன். பாலைவன வெட்டுக்கிளி பறக்கத் தொடங்கும்போது முக்கியமாக டிரெஹலோஸ் என்ற சர்க்கரையை எரிக்கும். பயணம் நீண்டால் கொழுப்புக்கு மாறும். அதன் இரத்தத்தில் லிப்போஃபோரின் என்ற புரதம் கொழுப்பைச் சுமந்து வந்து, தசையின் வாசலில் இறக்கிவிட்டு, அடுத்த சுமைக்குத் திரும்பிவிடும். பாலூட்டிகளில் கொழுப்புத் திசுவிலிருந்து வரும் கொழுப்பமிலத்தை ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் கொண்டுவருகிறது. வாசல் வரைதான் இந்த வேறுபாடு. கொழுப்பமிலத்துக்குத் தண்ணீர் ஆகாது. செல்லுக்குள்ளோ எங்கும் தண்ணீர். ஆகவே செல்லுக்குள் இரண்டிலும் மேலே சொன்ன கொழுப்பமிலப் பிணைப்புப் புரதம்தான் கைகொடுக்கிறது. பத்து இழைகள் வளைந்து அமைந்த ஒரு சின்னக் கூடை, வாயில் மூடிபோல இரண்டு சுருள்கள். அமிலம் அதற்குள் உட்கார்ந்து, அது எரிக்கப்படும் இடமான மைட்டோகாண்ட்ரியா பக்கம் போய் இறங்கிக்கொள்கிறது. வளர்ந்த வெட்டுக்கிளியின் பறப்புத் தசையில், செல்நீரில் கரைந்திருக்கும் புரதத்தில் ஏறக்குறைய 18% இதுதான். இன்னும் பறக்காத குஞ்சுப் பருவத்தில் இது கிடையாது. பாலூட்டிகளின் இதயத்திலும் ஏராளம் உண்டு, அந்த அளவுக்கு இல்லை.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘கடத்தி’ என்றால் மின்சாரம் நினைவுக்கு வரும். ‘ஏற்பி’ ஏற்கெனவே ரிசெப்டாருக்குப் போய்விட்டது. ‘சுமப்பி’யை லிப்போஃபோரினுக்கு விட்டுவைக்கலாம். மிச்சம் ‘ஏந்து’. ஏந்தியதை இறக்கிவைக்கலாம், மறுபடி ஏந்தலாம். குழந்தையை ஏந்துகிறவர் அதை ஒட்டவைத்துக்கொள்வதில்லை அல்லவா? அதனால் ‘கொழுப்பமில ஏந்துபுரதம்’ என்பது என் முன்மொழிவு. இதயத்தசை ஏந்துபுரதம், பறப்புத்தசை ஏந்துபுரதம் என்று வகை பிரிக்கவும் நாக்கு தடுக்கவில்லை.

ஒரு சிக்கலும் உண்டு. டி.என்.ஏ.வோடு சேரும் புரதத்தை ‘ஏந்துபுரதம்’ என்றால் ஒட்டாது. அங்கே புரதம்தான் டி.என்.ஏ.வைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. அதற்குப் ‘பற்றுபுரதம்’ வைக்கலாமா என்று பார்க்கிறேன். கணக்காளர்கள் பற்று வரவு என்று சிரிப்பார்கள், பரவாயில்லை. ‘பைண்டிங்’ வருகிற இடமெல்லாம் ஒரே தமிழ்ச்சொல்தான் நிற்கவேண்டும் என்பவர்கள், அந்த ஒரே சொல் எது என்றும் சொல்லிவிட்டால் நல்லது.